படிப்பும் ஜெபமும் ஒரே சொல்லான நாட்டில்

உகாண்டாவில் பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் தலைநகர் கம்பாலாவின் வேன் ஸ்டாண்டுகளைப் பார்த்தால், ஊரே வீடு காலி செய்துகொண்டு போகிறதோ என்று தோன்றும். பெயர் எழுதிய தகர டிரங்குப் பெட்டிகள், சுருட்டிக் கட்டிய மெத்தைகள், தண்ணீர் கேன்கள், பிளாஸ்டிக் பேசின்கள். எல்லாம் ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைகளுடையவை. பள்ளி எழுதிக் கொடுக்கும் சாமான் பட்டியலுக்கு அங்கே ‘ரிக்வயர்மென்ட்ஸ்’ என்று பெயர். வெள்ளைத்தாள் கட்டு, டாய்லெட் பேப்பர் சுருள், சோப்பு, சில பள்ளிகளில் மண்வெட்டிகூட உண்டு. பட்டியல் பள்ளிக்குப் பள்ளி மாறும். விளக்குமாறு மட்டும் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கும். பெட்டிமேல் கயிறு போட்டுக் கட்டிய விளக்குமாற்றோடு ஒரு பிள்ளை போனால், அது போர்டிங் பிள்ளை என்று யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்ளலாம்.

அந்தப் பெட்டிகள் போய் இறங்குகிற பள்ளிகளில் பெயர்பெற்றவற்றை எடுத்துக்கொண்டால், பெரும்பாலானவை நூறு வருஷத்துக்கு முன் ஏதோ ஒரு கிறிஸ்தவ மிஷன் தொடங்கியவை. நாடும் அப்படித்தான். 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 39 சதவீதம் பேர் கத்தோலிக்கர், 32 சதவீதம் ஆங்கிலிக்கர் (இங்கிலாந்துத் திருச்சபை வழியினர்), 11 சதவீதம் பெந்தெகொஸ்தே. 2024 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 4.6 கோடி, அதில் ஏறத்தாழ சரிபாதி 18 வயது நிரம்பாதவர்கள். இவ்வளவு பிள்ளைகள், இவர்களைப் பெற்றவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே நம்பிக்கை: படித்தால் பிழைத்துக்கொள்ளலாம். எந்த ஏழை நாட்டிலும் பெற்றோர் இதைத்தான் சொல்வார்கள், சரி. ஆனால் உகாண்டாவில் இந்த நம்பிக்கைக்கு ஒரு பிறந்த தேதி உண்டு, ஒரு மதவாசனையும் உண்டு.

நாட்டின் நடுப்பகுதியில் பேசும் லுகாண்டா மொழியில் ‘ஒகுசோமா’ என்றால் படிப்பது. கோயிலுக்குப் போய்த் தொழுவதற்கும் அதே சொல்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ‘படிக்கப் போகிறேன்’ என்று ஒரு பாட்டி சொன்னால் அவர் முதியோர் கல்விக்குப் போவதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. 19ஆம் நூற்றாண்டில் புதிய மதங்களுக்கு வந்தவர்களை ஊர் ‘அபசோமி’ என்றது, அதாவது படிக்கிறவர்கள். முதலில் வந்த இஸ்லாமியருக்கும் அந்தப் பெயர் பொருந்தியது. பிறகு கிறிஸ்தவர்களிடம் நன்றாக ஒட்டிக்கொண்டது. நம் கிராமங்களில் கிறிஸ்தவர்களை ‘வேதக்காரர்’ என்று சொன்னது நினைவுக்கு வரலாம். ஆனால் நம் சொல்லில் புத்தகம் இருக்கிறது, வாசிப்பு இல்லை. அங்கே வாசிப்பே மதத்தின் பெயராகிவிட்டது.

இன்றைய உகாண்டாவின் நடுப்பகுதியில் இருந்த புகாண்டா ராஜ்ஜியத்துக்கு ஆங்கிலிக்க சபையின் சி.எம்.எஸ். மிஷனரிகள் 1877இல் வந்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1879இல், பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துறவிகள் வந்தார்கள். வெள்ளை அங்கி போட்டதால் அவர்களுக்கு வெள்ளைத் துறவிகள் என்று பெயர். இந்த இரு தரப்பிடமும் எழுத்துப் படிக்க ஓடியவர்கள் யார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. அரண்மனையில் ஊழியம் பார்த்த பையன்கள். பெரிய குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை மன்னரின் வாசலில் விட்டுவைப்பது அங்கே வழக்கம். மன்னர் கண்ணில் பட்டால் பின்னால் ஒரு பகுதிக்குத் தலைவராகலாம். முன்னேறத் துடித்த விடலைப் பருவத்துப் பையன்கள் அவர்கள். புதிதாக வந்த எழுத்தை முதலில் பிடித்துக்கொண்டவர்கள் அவர்களே.

அதற்கு விலையும் கொடுத்தார்கள். 1886 ஜூன் 3 அன்று நமுகொங்கோ என்ற இடத்தில் மன்னர் முவாங்காவின் உத்தரவால் பலர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்தக் காலத்தில் உயிர்விட்டவர்களில் இளையவனான கிசிட்டோவுக்கு 14 வயது இருக்கும் என்கிறார்கள். அவர்களில் 22 கத்தோலிக்கருக்கு 1964இல் போப் ஆறாம் பவுல் புனிதர் பட்டம் கொடுத்தார். ஜூன் 3 இன்று அங்கே தேசிய விடுமுறை.

ஆனால் பள்ளிக்கூட ஆசையின் வேரைத் தேடுவதானால், இந்த மரணங்களைவிட அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம் என்பது என் எண்ணம். அடுத்து வந்த உள்நாட்டுச் சண்டைகளில் ‘படிக்கிறவர்கள்’ ஜெயித்தார்கள். பிரிட்டிஷாரோடு 1900இல் போட்ட ஒப்பந்தத்தில் நிலம் சதுர மைல் கணக்கில் தலைவர்களுக்குப் பங்குபோடப்பட்டது. அந்த நிலமுறைக்கே ‘மைலோ’ என்று பெயர் வந்துவிட்டது. சபைகளுக்கும் பங்கு கிடைத்தது. அரண்மனை முற்றத்தில் ஒளிந்து ஒளிந்து எழுத்துக் கூட்டிய தலைமுறை, இருபது வருஷம் போவதற்குள் நிலப்பிரபுக்களாகவும் அதிகாரிகளாகவும் உட்கார்ந்திருந்தது. எழுத்து படித்தவன் பெரிய ஆளாவான் என்பதை உபதேசமாக யாரும் சொல்லவில்லை. ஊர் கண்ணால் பார்த்தது.

அந்தக் காலத்துப் பொருள் ஒன்றைச் சொல்ல வேண்டும். முழு பைபிள் லுகாண்டாவில் 1896இல் வந்தது. அங்கே புத்தகத்துக்கு முதல் எதிரி கறையான். அதனால் பிஸ்கட் டப்பாவுக்குள் கச்சிதமாக அடங்கும் அளவில், குட்டையாகவும் தடியாகவும் ஒரு பதிப்பு அச்சிட்டார்கள். ‘பிஸ்கட் டப்பா பைபிள்’ என்றே அதற்குப் பெயர். வெள்ளைக்காரர்கள் தின்று தீர்த்த தகர டப்பாவில் வேதத்தை வைத்து மூடி, வீட்டில் பத்திரப்படுத்தினார்கள். இன்றைய டிரங்குப் பெட்டிக்கு அதுதான் பாட்டன் என்று எனக்குத் தோன்றும்.

சபைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. 1892இல் தலைநகரில் இரு தரப்பும் துப்பாக்கி எடுத்துச் சண்டையே போட்டன. ஊர்க்காரர்கள் கத்தோலிக்கரை ‘பிரெஞ்சுக்காரர்’ என்றும் ஆங்கிலிக்கரை ‘இங்கிலீஷ்காரர்’ என்றும் அழைத்தார்கள்; இரண்டு கூட்டமும் அந்த ஊர் ஆட்கள்தான். கம்பாலாவின் குன்றுகள்கூடப் பங்கு பிரிந்தன: நமிரெம்பே ஆங்கிலிக்கருக்கு, ருபாகா கத்தோலிக்கருக்கு, கிபுலி முஸ்லிம்களுக்கு. ஒருவர் பள்ளி கட்டினால் எதிரே இன்னொருவர் கட்டியாக வேண்டும். இந்தப் போட்டியால் நாட்டுக்குக் கிடைத்த ஒரே லாபம் பள்ளிகள்தான், ஆனால் அது பெரிய லாபம். 1902இல் மில் ஹில் என்ற கத்தோலிக்க மிஷனின் துறவிகள் நமிலியாங்கோ கல்லூரியைத் தொடங்கினார்கள். பெயரில் கல்லூரி இருந்தாலும் அது பள்ளிதான். 1906இல் மன்னர்கள் முடிசூட்டிக்கொள்ளும் புடோ குன்றின்மேல் ஆங்கிலிக்கரின் கிங்ஸ் காலேஜ் வந்தது. அதே வருஷம் கிசூபியில் கத்தோலிக்கரின் செயின்ட் மேரீஸ். இன்றைக்கும் கிராமத்து ஆரம்பப்பள்ளிப் பெயர்ப்பலகைகளில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ‘சி/யூ’ அல்லது ‘ஆர்/சி’ என்று எழுதியிருக்கும், சர்ச் ஆஃப் உகாண்டா, ரோமன் கத்தோலிக். ‘ஆர்.சி. ஸ்கூல்’, ‘சி.எஸ்.ஐ. ஸ்கூல்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும். அரசியல் கட்சிகளும் இதே கோட்டில்தான் பிரிந்தன. கத்தோலிக்கர் பக்கமிருந்த டெமாக்ரடிக் பார்ட்டியின் சுருக்கமான டி.பி.யை ‘தினி யா பாப்பா’, அதாவது ‘போப்பின் மதம்’ என்று விரித்துக் கேலி செய்ததுண்டு.

பெண்களின் கதை தனி. 1905இல் சி.எம்.எஸ். பெண்கள் தொடங்கிய கயாசா பள்ளியின் முதல் நோக்கம், படித்த தலைவர்களுக்கு ஏற்ற கிறிஸ்தவ மனைவிகளைத் தயார்செய்வது. தோட்ட வேலை, தையல், வேதம். அங்கே படித்த பெண்களுக்குச் சீருடையாக, கோவாவிலிருந்து வந்த கோமஸ் என்ற தையல்காரர் சதுரக் கழுத்தும் தோள்பட்டையில் கூர்ந்து நிற்கும் கையும் வைத்த நீண்ட உடுப்பு ஒன்றைத் தைத்தார் என்பார்கள். அவர் பெயரிலேயே ‘கோமெசி’ என்று வழங்கும் அது இன்று உகாண்டாப் பெண்களின் கல்யாண, விசேஷ உடை. ஒரு ஹாஸ்டல் யூனிஃபார்ம் தேசிய உடையான கதை வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நல்ல மனைவியாக்க நினைத்து எழுத்துக் கொடுத்தால், எழுத்து அத்தோடு நிற்குமா? புடோவில் படித்த சாரா ன்டிரோ, பின்னால் பல்கலைக்கழகமான மெக்கரேரே கல்லூரிக்குப் போனார். கணிதம் படிக்க ஆசைப்பட்டார். வகுப்பில் பெண் இருந்தால் பாடம் நடத்த மாட்டேன் என்று ஆசிரியர் முரண்டுபிடித்தார். சாரா ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் வரலாற்றில் பட்டம் வாங்கினார். கத்தோலிக்கர் பக்கம், அயர்லாந்திலிருந்து 1903இல் வந்த மதர் கெவின் என்ற கன்னியாஸ்திரீ 1942இல் நமகுங்காவில் பெண்கள் பள்ளி தொடங்கினார். அங்கே படித்த ஸ்பெசியோசா கசிப்வே டாக்டராகி, 1994இல் நாட்டின் துணை ஜனாதிபதியானார்.

இதெல்லாம் ஜெயித்தவர்களின் கதை. பழைய மாணவர் சங்கங்கள் இவற்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஜெயிப்பு எத்தனை பேருக்கு என்று கேட்டால்தான் சிக்கல்.

1962இல் சுதந்திரம் வந்த கையோடு அரசு சபைப் பள்ளிகளைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. சபை, சமயப் பாகுபாடு பார்க்காமல் எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்பது நோக்கம், நியாயமான நோக்கம்தான். ஆசிரியர் சம்பளம் அரசுடையது, பாடத்திட்டம் அரசுடையது. நிலமும் பெயரும் பழக்கவழக்கமும் சபையுடையவை. சட்டத்தில் சபைக்கு ‘ஸ்தாபித்த அமைப்பு’ என்று ஒரு இடம் உண்டு, நிர்வாகக் குழுவுக்கு ஆள் அனுப்பலாம். நம் அரசு உதவிபெறும் பள்ளிகளைக் கிட்டத்தட்ட ஒத்தது, ஆனால் கடிவாளம் அரசு பக்கம் இன்னும் அதிகம்.

அப்புறம் ராணுவ சர்வாதிகாரி இடி அமீன். 1972இல் ஆசியர்களை வெளியேற்றியபோது ஆசிரியர்களும் போனார்கள். மிஞ்சியவர்களின் சம்பளம் விலைவாசியில் கரைந்து ஒன்றுமில்லாமல் ஆனது. 70களிலும் 80களிலும் பள்ளிகள் மூடாமல் தப்பித்ததற்குக் காரணம் பெற்றோர் சங்கங்கள். அவர்கள் கையிலிருந்து காசு போட்டு ஆசிரியர்களுக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தார்கள். அவசரத்துக்குப் போட்ட அந்தக் காசு பிறகு இறங்கவேயில்லை. இன்று பெயர்பெற்ற சபைப் பள்ளி ஒன்றில் ஒரு பருவத்துக்கான கட்டணம் பத்து லட்சம் ஷில்லிங்கைத் தாண்டும், நம் கணக்கில் இருபதாயிரம் ரூபாய்க்கு மேல். வருஷத்துக்கு மூன்று பருவம். அரசு ஆரம்பப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் மாதச் சம்பளம் சுமார் ஐந்து லட்சம் ஷில்லிங். அதாவது அந்தப் பள்ளிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்து அனுப்புகிற ஆசிரியரால் தன் பிள்ளையை அங்கே அனுப்ப முடியாது.

1997இல் ஆரம்பக்கல்வி இலவசமானது. ஒரு வீட்டில் நாலு பிள்ளைகள்வரை என்று ஆரம்பித்து, பிறகு எல்லோருக்கும் என்றானது. சுமார் 30 லட்சமாக இருந்த மாணவர் எண்ணிக்கை ஒரே வருஷத்தில் 50 லட்சத்தைத் தாண்டியது. அவ்வளவு பேரும் போய் உட்கார்ந்தது பெரும்பாலும் அந்த ‘சி/யூ’, ‘ஆர்/சி’ கிராமத்துப் பள்ளிகளில்தான். ஒரு வகுப்பில் நூறு பிள்ளைகள், மரத்தடியில் பாடம். ஆக ஒரே சபையின் பெயரில் இரண்டு விதமான பள்ளிகள். ஒன்றில் குன்று, சிற்றாலயம், நூலகம், ஆய்வகம். இன்னொன்றில் தகரக் கூரையும் வெறும் கரும்பலகையும்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒரே பாலம் ஏழாம் வகுப்பு முடிவில் வரும் பி.எல்.இ. தேர்வு. நாலு பாடம், ஒவ்வொன்றிலும் 1 என்பது உச்சம், 9 என்பது தோல்வி. எல்லாவற்றையும் கூட்டி 4 வந்தால் அதற்குமேல் ஒன்றுமில்லை. பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுகிற எண் அது. நாலு எடுத்த பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்றால், பெரும்பாலும் நகரத்துத் தனியார் ஆரம்பப்பள்ளிகளிலிருந்து. தங்கள் நிலத்தையும் உழைப்பையும் கொடுத்து மிஷன் பள்ளிகளை எழுப்பிய கிராமங்களின் பேரப்பிள்ளைகள் பாலத்தின் இந்தப் பக்கமே நிற்கிறார்கள். 2023இல் பி.எல்.இ. எழுதப் பதிந்தவர்கள் சுமார் ஏழரை லட்சம். அதே வருஷம் பள்ளி இறுதித் தேர்வுக்குப் பதிந்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம்.

தேர்வுக்கு முந்தின வாரங்களில் சபைகளில் தேர்வெழுதுகிறவர்களுக்கென்று தனி ஜெபம் நடக்கும். பிள்ளைகள் பேனாவையும் ஜியாமெட்ரி பாக்ஸையும் தூக்கிப் பிடிக்க, பாதிரியார் ஆசீர்வதிப்பார். நம் ஊரில் ஹால் டிக்கெட்டைச் சாமி காலடியில் வைப்பவர்களும் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்பவர்களும் இதைப் பார்த்துச் சிரிக்க முடியாது. ‘ஒகுசோமா’வின் இரண்டு அர்த்தங்களும் அந்த ஒரு நிமிஷத்தில் மறுபடியும் ஒன்றாகிவிடுகின்றன. எனக்கு இதில் பிடித்ததும் இருக்கிறது, உறுத்துவதும் இருக்கிறது. ஒரு பிள்ளையின் பயத்தைப் பெரியவர்கள் கூடி நின்று பகிர்ந்துகொள்வது நல்ல விஷயம். ஆனால் தேறாத பிள்ளைக்கு, பரீட்சையில் மட்டும் தோற்றேனா அல்லது கடவுளே கைவிட்டாரா என்று குழம்ப இடம் கொடுத்துவிடுகிறது. புதிதாக வளர்ந்திருக்கும் பெந்தெகொஸ்தே சபைகளின் ‘இந்த வருஷம் உன் கதவு திறக்கும்’ என்ற பிரசங்கம் இந்தக் குழப்பத்தைக் கூட்டத்தான் செய்கிறது.

கொரோனா இதையெல்லாம் வெளிச்சம்போட்டுக் காட்டியது. உலகத்திலேயே அதிக நாள் பள்ளிகளை மூடிவைத்த நாடு உகாண்டா. 2020 மார்ச்சில் மூடியவை முழுமையாகத் திறந்தது 2022 ஜனவரி 10 அன்று. ஒன்றரைக் கோடி மாணவர்கள். சில தனியார் பள்ளிக் கட்டடங்கள் கோழிப்பண்ணையாகவும் லாட்ஜாகவும் மாறின. பல பெண்பிள்ளைகள் தாயானார்கள். அவர்களும் கர்ப்பிணிகளும் வகுப்புக்குத் திரும்பலாம் என்று அரசு சொன்னபோது, மற்றப் பிள்ளைகளுக்குத் தவறான பாடமாகிவிடும் என்று சபைத் தலைவர்கள் சிலர் எதிர்த்தார்கள். மதர் கெவின் செய்ததை ஆண்டுதோறும் நினைவுகூர்கிற நாட்டில் அந்தப் பெண்பிள்ளைகளுக்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு, ஒவ்வொரு தலைமையாசிரியரும் தனக்குத் தோன்றிய பதிலைச் சொல்லிக்கொண்டார்.

சரி, எல்லாப் பாலத்தையும் கடந்தவர்களுக்கு என்ன கிடைக்கிறது? படிப்பின் பலன் என்றால் மேசை வேலை என்ற எண்ணம் முதல் தலைமுறை ‘அபசோமி’ காலத்திலேயே பதிந்துவிட்டது. தொழிற்கல்விக்கு மிஷன்கள் பள்ளி நடத்தாமல் இல்லை. தச்சும் கொத்தும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் மார்க் குறைந்தவர்கள் போகிற இடம் என்ற முத்திரை அதன்மேல் விழுந்தது விழுந்ததுதான். சபைகள் பிறகு பல்கலைக்கழகங்களையும் தொடங்கின: கத்தோலிக்கருக்கு 1993இல் என்கோசியில், ஆங்கிலிக்கருக்கு 1997இல் முக்கோனோவில், பழைய பிஷப் டக்கர் இறையியல் கல்லூரியின் வளாகத்தில். பட்டதாரிகள் பெருகினார்கள், மேசைகள் பெருகவில்லை. 2022இல் அரசு அறிவியல் பட்டதாரி ஆசிரியர்களின் சம்பளத்தை மாதம் 40 லட்சம் ஷில்லிங்காக உயர்த்தியது. கலைப்பாட ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ அதில் கால்வாசிதான். அவர்கள் வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள். வரலாறும் இலக்கியமும் வேதபாடமும் நடத்துகிறவர் ஆசிரியர் அறையில் இரண்டாம்தரம் ஆனதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வேலை கிடைக்காத பட்டதாரி முதலில் ‘போடா போடா’ என்கிற பைக் டாக்ஸி ஓட்டுவார். அல்லது தெருமுனையில் ‘ரோலெக்ஸ்’ போடுவார். நம் விக்ரம் பட வில்லன் அல்ல, முட்டையை வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. சப்பாத்தி அங்கே இந்தியர்களோடு போய்ச் சேர்ந்தது. அதற்கு அடுத்த யோசனை வளைகுடா. ஆண்களுக்கு துபாயில் செக்யூரிட்டி வேலை, பெண்களுக்கு சவூதியில் வீட்டு வேலை. மாதம் 900 ரியால் என்பது அங்கே வழக்கமான ஒப்பந்தச் சம்பளம். உகாண்டாப் பணத்தில் மாற்றினால் ஆரம்பப்பள்ளி ஆசிரியர் வாங்குவதைவிட அதிகம். அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஊருக்குத் திரும்பி வருவது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? தம்பிக்கும் தங்கைக்கும் ஸ்கூல் ஃபீஸ் கட்ட.

வெளிநாட்டில் போய்ச் செய்கிற இந்த எடுபிடி வேலைக்கு லுகாண்டாவில் ‘கியேயோ’ என்பார்கள். விளக்குமாறு என்று அர்த்தம்.

என்டெபே விமான நிலையத்தில் ஏஜென்சிக்காரர் கொடுத்த ஒரே நிற டீஷர்ட்டில் வரிசையாக நிற்கும் இளம்பெண்களை அநேகமாக எப்போதும் பார்க்கலாம். கம்பாலாவிலிருந்து அவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வேன் புது எக்ஸ்பிரஸ் சாலையில் வராமல் பழைய சாலையில் வந்தால், பாதி வழியில் கிசூபி வரும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் செயின்ட் மேரீஸ் பையன்கள் அந்நேரம் சிற்றாலயத்தில் இருப்பார்கள், ‘படித்துக்கொண்டு’.